கரடியின் வெள்ளைப் பல்லும் நான்கு புற்றும்

விளாங்காட்டில் மொத்தையன் என்றொரு கரடி இருந்தது. தேன் என்றால் உயிரை விடும். வாய் கொப்பளிக்கச் சொன்னால் மட்டும் உறுமும். தேனைக் குடித்த வாயோடு அப்படியே படுத்துவிடும். இரண்டு வருஷம் இப்படிப் போனதில் ஈறு வீங்கிவிட்டது. எதைக் கடித்தாலும் ரத்தம் வந்தது.

நாற்றத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கரடிகள் கறையான் புற்றை உடைத்து, தூசியை வாயால் ஊதித் தள்ளிவிட்டு, பிறகு கறையான்களை உறிஞ்சும். மொத்தையன் ஊதியதுமே கறையான்கள் குடும்பத்தோடு பின்பக்கமாக ஓட்டம் பிடித்தன!

விளாம்பழம் பழுக்க இன்னும் இரண்டு மாதம் இருந்தது. கெட்டியான ஓட்டோடு பழத்தை வாயில் போட்டு, ஒரே கடியில் உடைக்கும் கரடி அந்தக் காட்டில் மொத்தையன் ஒன்றுதான். அதை வேடிக்கை பார்க்கவே வருஷாவருஷம் கூட்டம் கூடும்.

"பல்லு போச்சுன்னா என் மானமும் போச்சே!" என்று பயந்துபோய் மொத்தையன் செங்கொண்டையைத் தேடிப் போனது.

செங்கொண்டை ஒரு மரங்கொத்தி. மரப்பட்டைக்கு அடியில் ஒளிந்திருக்கும் புழுவைத் தோண்டி எடுப்பதில் கெட்டிக்காரப் பறவை. அதனால் காட்டுக்கே அதுதான் பல் டாக்டர். தன் நீள நாக்கை ஒவ்வொரு பல்லின் ஓரமாகவும் ஈறுக்குள் விட்டு ஆழம் பார்த்தது.

"வெளியில தெரியிற அழுக்கு கொஞ்சம்தான். ஈறுக்கு அடியில, பல்லோட வேர் வரைக்கும் காரை பிடிச்சிருக்கு. மேலாகத் தேய்ச்சா போகாது. ஆழமாச் சுத்தம் பண்ணணும்!" என்றது.

"எவ்வளவு ஆகும், டாக்டரம்மா?"

"வாயை நாலு பங்காப் பிரிச்சுக்குவேன். மேல ரெண்டு, கீழ ரெண்டு. பங்குக்கு ஒரு புற்று. நாலு புற்றை எனக்கு உடைச்சுத் தரணும்."

கரடிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நாலா! அது என்னோட ரெண்டு வாரச் சாப்பாடு! எனக்கு இருக்கிறது ஒரே வாய்தானே? அதுக்கு எதுக்கு நாலு கூலி?"

"ஒவ்வொரு பங்குக்கும் ஈறை மரத்துப்போக வைக்கிற வேரை வைக்கணும். ஒவ்வொரு பல்லா ஈறுக்குள்ள சுரண்டணும். பங்குக்கு அரை நாள் ஆகும். உங்க வாய்க்குள்ள அரை நாள் தலையை விட்டுக்கிட்டு நிக்கிற ஆள் வேற யாராவது இருந்தா சொல்லுங்க, நான் ஒதுங்கிக்கிறேன்!"

"முன்பக்கம் மட்டும் பண்ணுங்களேன். சிரிச்சா அதுதானே தெரியும்?"

"நோய் என்ன, சிரிக்கிற இடமாப் பார்த்தா வருது? நாலையும் ஒரேயடியாத் தர வேண்டாம். வாரத்துக்கு ஒரு பங்கு, வாரத்துக்கு ஒரு புற்று..."

அதைக் கேட்கக் கரடி அங்கே இருந்தால்தானே! அது பாதி வழி போயிருந்தது.

அங்கே ஒரு கிளையிலிருந்து வாலப்பன் என்ற குரங்கு தொப்பென்று குதித்தது. "அண்ணே! நாலு புற்றா? பகல் கொள்ளை! எனக்கு அரைப் புற்று போதும். பல்லைப் பளபளன்னு ஆக்கிடறேன்!"

கரித்தூளும் மணலும் எடுத்தது. ஒரு வாழைப்பழம் தின்னும் நேரம் தேய்த்தது. வேலை முடிந்தது. சுனையில் முகம் பார்த்த மொத்தையன் மயங்கியே போனது. பல் அத்தனை வெள்ளை! நேராகச் செங்கொண்டையின் மரத்தடிக்குப் போய் இளித்தது.

"பார்த்தீங்களா டாக்டரம்மா! அரைப் புற்றுதான்!"

"பல்லைப் பார்த்தேன். ஈறைக் காட்டுங்க!"

மொத்தையன் வாயை டப்பென்று மூடிக்கொண்டது. ஈறில் அப்போதும் ரத்தம் கசிந்துகொண்டுதான் இருந்தது. வெளியே தெரியாததைப் பற்றி அது கவலைப்படவில்லை.

விளாம்பழமும் பழுத்தது. முயல், நரி, மான், முள்ளம்பன்றி என்று எல்லாரும் கூடிவிட்டார்கள். மொத்தையன் எல்லாருக்கும் ஒருமுறை பல்லைக் காட்டிவிட்டு, பெரிய பழமாக எடுத்து ஒரே கடி கடித்தது.

படக்!

பழம் உடையவில்லை. கரடியின் முன்பல் இரண்டும் அதில் குத்திக்கொண்டு நின்றன. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. மொத்தையன் அழுதே விட்டது. பாவம், வலியைவிட அவமானம்தான் அதற்குத் தாங்கவில்லை.

செங்கொண்டை பறந்து வந்து நாக்கை விட்டுப் பார்த்தது. "இன்னும் மூணு பல்லு ஆடுது. இப்ப ஈறைக் கீறித்தான் சுத்தம் பண்ணணும். பத்து புற்று ஆகும்."

"போன பல்லு?"

"அது நூறு புற்று கொடுத்தாலும் வராது."

மொத்தையன் பேரம் பேசவில்லை. "பத்தும் தர்றேன்" என்றது. பிறகு, "எங்கேடா அந்தக் குரங்கு?" என்று உறுமியது.

வாலப்பன் சாவகாசமாக மேலேயிருந்து இறங்கியது. பழத்திலிருந்து ஒரு பல்லைப் பிடுங்கி வெயிலில் தூக்கிக் காட்டியது.

"கோபப்படாதீங்க அண்ணே! இதைப் பாருங்க, எப்படி மின்னுது! என் வேலையில ஏதாவது குறை இருக்கா?"

கடித்துக் குதற வாயைத் திறந்த மொத்தையன், எதை வைத்துக் கடிப்பது என்று தெரியாமல் மறுபடி மூடிக்கொண்டது.

எவ்வளவு என்று மட்டும் கேட்டு, அந்த விலைக்கு என்ன வேலை நடக்கும் என்று கேட்காதவர், மலிவாக முடித்ததற்கே கடைசியில் அதிக விலை கொடுப்பார்.