ஆமைக்காக மைனா சொன்ன ‘உள்ளேன் ஐயா’

மொச்சைக்கொட்டை பிதுக்கிக்கொண்டே சொல்கிறேன். நன்றாக ஊறின கொட்டை. விரலால் ஒரு அமுக்கு அமுக்கினால் தோலைக் கையில் விட்டுவிட்டுப் பருப்பு துள்ளி ஓடும். இப்போதுகூட ஒன்று ஓடிப்போய் அம்மி ஓரமாக மல்லாந்து கிடக்கிறது. அதைப் பார்த்ததும்தான் ஆமையின் ஞாபகம் வந்தது. எனக்கு நாலு பேர் நடுவில் பேச வராது. கதையில் வருகிறவர்களுக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. அவர்களே பேசட்டும்.

ஒரு காட்டில் ஒரு குளம். குளத்தங்கரையில் ஒரு மருதமரம். முன்னொரு காலத்தில் அந்த மரத்தடியில் கரடி வாத்தியார் பள்ளிக்கூடம் நடத்தினார். பத்தாம் வகுப்பு வரைக்கும் உண்டு.

அந்தப் பத்தாம் வகுப்பில் நான்கு பேர் ஒன்றாகப் படித்தார்கள். முள்ளம்பன்றி, எருமைக்கடா, மைனா, ஆமை.

முள்ளம்பன்றிதான் லீடர். வகுப்பில் யார் பேசினாலும் தன் முள்ளாலேயே தேக்கிலையில் பெயரைக் கீறி வாத்தியாரிடம் கொடுத்துவிடும். எருமை குளத்தில் புரண்டுவிட்டு லேட்டாக வரும். தினமும் முட்டி போடும். மைனா யார் குரலில் வேண்டுமானாலும் பேசும். ஆமை நல்ல பிள்ளை. ஆனால் விடியும்போதே கிளம்பினாலும் மணியடித்து வெகுநேரம் கழித்துத்தான் வந்து சேரும்.

வாத்தியார் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது, “ஆமை!” என்பார்.

“உள்ளேன் ஐயா!” என்று லீடருக்குக்கூடத் தெரியாமல் இலை மறைவிலிருந்து ஆமையின் பெயரில் மைனா குரல் கொடுக்கும்.

கரடி வாத்தியாருக்குக் கண் மங்கல். குரல் வந்தால் போதும், எழுதிக்கொள்வார். பத்தாவது முடிகிறவரை ஆமை தன் வாயால் ஒரு நாள்கூட ‘உள்ளேன் ஐயா’ சொன்னதில்லை.

எத்தனையோ வருஷம் ஓடிப்போனது. வாத்தியாரும் போய்ச் சேர்ந்தார். முள்ளம்பன்றிக்குப் பாதி முள் கொட்டிவிட்டது. எருமைக்கு முட்டிவலி. மைனாவுக்குக் கூடு நிறையப் பேரப்பிள்ளைகள். ஆனாலும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டால் போதும்.

“டேய் தடியா!”

“என்னடி முள்ளு!”

எருமையின் பேரக்கன்று வாயைப் பிளந்துகொண்டு ஓடும். “அம்மா! அம்மா! தாத்தாவை யாரோ ‘டேய்’ங்கறாங்க! தாத்தா சிரிக்கிறாரு!”

முள்ளம்பன்றிக்கு மட்டும் லீடர் பழக்கம் போகவே இல்லை. தினமும் காலையில் குளத்துப் பாறைமேல் ஏறி நின்றுகொண்டு, பழைய அட்டெண்டன்ஸை வாசிக்கும்.

“எருமை!”

“உள்ளேன் ஐயா!” என்று குளத்துக்குள்ளிருந்து பதில் வரும்.

“நான் என்னடா ஐயாவா?”

“வேற எப்படிச் சொன்னாலும் நாக்கு வர மாட்டேங்குதுடி!”

எதற்கு இந்தக் கூத்து என்று மற்ற மிருகங்கள் கேட்கும். எல்லோரும் இன்னும் இருக்கிறோம் என்று தெரிந்துகொள்ளத்தான். வேறொன்றும் இல்லை. ஆனால் லீடர் கண்டிப்பு. “மூணு நாள் சேர்ந்தாப்போல பதில் வரலேன்னா பேரை அடிச்சிருவேன்! அப்புறம் வந்து அழக் கூடாது!” என்று சொல்லியிருந்தது.

ஆமையின் வளை தூரத்தில், ஓடை திரும்புகிற இடத்தில் இருந்தது. அதன் குரலோ நூல் மாதிரி. பாறை வரைக்கும் எட்டாது. பெயரை அடித்துவிட்டால் என்ன செய்வது? அதனால் மைனாவே பழையபடி குரல் கொடுத்தது. ஆரம்பத்தில் தினமும் பறந்துபோய், ஆமையை எட்டிப் பார்த்து, அது தலையாட்டின பிறகுதான் சொல்லும். அப்புறம் பனி என்றது. அப்புறம் பேரனுக்குப் பல் முளைக்கிறது என்றது. மைனாவுக்குப் பல் ஏது என்று ஆமையும் கேட்கவில்லை. கடைசியில் தன் கூட்டிலிருந்தே, “உள்ளேன் ஐயா!” என்று சொல்ல ஆரம்பித்துவிட்டது.

லீடருக்கு இது தெரியாது. “வயசாக ஆக ஆமைக்குக் குரல் எப்படிக் கணீர்னு ஆயிருச்சு பாரேன்!” என்று சந்தோஷப்பட்டது. அந்தச் சந்தோஷத்தில்தான் ஒரு நாள் பாறைமேல் நின்று அறிவித்தது.

“எல்லாரும் கேட்டுக்குங்க! இன்னைக்கு எட்டாம் நாள் காலையில மருதமரத்தடியில பழைய மாணவர் கூட்டம்! எருமை, நீ ஆவாரம்பூ மாலை கொண்டு வா! மைனா, நீ அத்திப்பழம்! கடவுள் வாழ்த்து, நம்ம கணீர்க்குரல் ஆமை!”

மைனா அலறியடித்துக்கொண்டு ஓடைத் திருப்பத்துக்குப் பறந்தது.

“பாட்டா? நானா?” என்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டது ஆமை.

“நீ வாயை மட்டும் அசைடா. நான் மரத்து மேல ஒளிஞ்சு பாடிக்கிறேன்.”

“மாட்டிக்குவோம்டா.”

“இத்தனை வருஷமா மாட்டினோமா?”

ஆமை யோசித்தது. “இந்த வயசுல எனக்கு அங்க நடந்து வரவே ஆறேழு நாள் ஆகும். இப்பவே கிளம்பணும். வழியில அட்டெண்டன்ஸு?”

“அதை நான் பாத்துக்கிறேன். நீ நட!”

“தினம் ஒரு தடவை மேலாகப் பறந்து வந்து என்னை ஒரு பார்வை பாத்துட்டுப் போடா.”

“சரி, சரி, சரி!” என்று மூன்று தடவை சொல்லிவிட்டு மைனா அத்திமரம் தேடிப் போய்விட்டது.

ஆமை குஷியாகக் கிளம்பியது. என்னதான் மைனா பாடினாலும், நாமும் ஒரு வரி கற்றுக்கொண்டு போவோமே என்று வழியெல்லாம் பாடிப் பார்த்தது. ஐந்தாம் நாள் மருதமரம் கண்ணுக்குத் தெரிகிற தூரம் வந்ததும் சந்தோஷம் தாங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு குரலை மேலே ஏற்றியது. அந்த நேரம் பார்த்துக் கால் வைத்த இடத்தில் தரை இல்லை!

காட்டுப்பன்றி கிழங்கு தோண்டின குழி. ஆமை உருண்டு விழுந்து மல்லாந்துவிட்டது. மல்லாந்த ஆமையால் திரும்ப முடியுமா? நான்கு காலும் வானத்தைப் பார்த்து நீந்தின.

“யாராவது இருக்கீங்களா?” என்று கத்தியது. குழி தாண்டிக் கேட்கவில்லை.

மறுநாள் காலை பாறையிலிருந்து லீடரின் குரல் வந்தது. “ஆமை!”

“இங்க இருக்கேன்! குழியில இருக்கேன்!” என்று ஆமை உயிரைக் கொடுத்துக் கத்தியது.

அதற்குள் மைனாவின் கூட்டிலிருந்து கணீரென்று, “உள்ளேன் ஐயா!”

“வெரி குட்!” என்றது லீடர்.

இன்னொரு நாளும் போனது. மூன்றாம் நாள் ஆமையின் நாக்கு காய்ந்துவிட்டது. மேலே வெயில். கீழே சுடுமண். தலையையும் காலையும் உள்ளே இழுத்துக்கொண்டு கல் மாதிரி கிடந்தது.

விழுந்த நான்காம் நாள், கூட்டம்! லீடர் மருதமரத்தடியைக் கூட்டிப் பெருக்கி, தேக்கிலையும் கையுமாக நின்றது. எருமையைக் காணோம். அது எதிர்பார்த்ததுதான். மைனா காலிடுக்கில் ஒரு அத்திப்பழத்தோடு கிளையில் உட்கார்ந்திருந்தது. ஆமை புதர் ஓரமாக வந்திருக்கும் என்று அது நினைத்துக்கொண்டது.

“அட்டெண்டன்ஸ்!” என்றது லீடர். “மைனா!”

“உள்ளேன் ஐயா!”

“ஆமை!”

பழக்கதோஷம். யோசிக்குமுன் வாய் முந்திவிட்டது. “உள்ளேன் ஐயா!” திடுக்கிட்டதில் அத்திப்பழம் பொத்தென்று லீடரின் முள்ளில் விழுந்து குத்தி நின்றது.

லீடர் மெதுவாக மேலே பார்த்தது. “ஆமை எப்போடா மரம் ஏறக் கத்துக்கிட்டான்?”

மைனா இலைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளப் பார்த்தது.

“சொல்லுடா!”

மைனா எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. பள்ளிக்கூடக் கதை, கூட்டுக் கதை, பல் முளைத்த கதை, எல்லாம்.

லீடரின் மிச்ச முள்ளெல்லாம் சிலிர்த்து நின்றது. “அவனைக் கடைசியா எப்பப் பாத்தே?”

“நீ கூட்டம்னு அறிவிச்ச அன்னைக்கு.”

“அப்ப இத்தனை நாளும் பதில் சொன்னது?”

“நான்தான்.”

தேக்கிலை லீடரின் கையிலிருந்து நழுவியது. அது திட்டவில்லை. “நானும் குரலைத்தானே எழுதிக்கிட்டேன். ஆளைப் பாக்கலையே,” என்றது. பிறகு கத்தியது. “நிக்கிறியே! தேடுடா!”

மைனா பறந்து தேடியது. லீடர் புதர் புதராக நுழைந்து தேடியது. “ஆமை! டேய் ஆமை!” என்று தொண்டை கிழியக் கூப்பிட்டன. சில்வண்டுச் சத்தம்தான் பதில். வெயில் ஏறிக்கொண்டே வந்தது. உச்சிக்கு வந்துவிட்டால் ஓட்டுக்குள்ளேயே ஆமை வெந்துவிடும்.

அப்போதுதான் எருமை வந்தது. உடம்பெல்லாம் சேறு, கொம்பிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, கழுத்தில் ஆவாரம்பூ மாலை.

“லேட்டா?” என்றது.

“ஆமையைக் காணோம்டா தடியா!”

எருமைக்கு முகம் மாறிவிட்டது. அதுவும் கத்திப் பார்த்தது. ஒன்றும் பலிக்கவில்லை. “பயந்துட்டான்னா தலையை உள்ள இழுத்துக்குவான். நாம கத்தினா இன்னும்தான் இழுத்துக்குவான்,” என்றது எருமை. “அவன் பயந்துக்கிட்டே தலையை நீட்டுனது ஒருத்தருக்குத்தான். நம்ம வாத்தியாருக்கு.”

மைனா சட்டென்று நிமிர்ந்தது. மருதமரத்தின் உச்சிக் கிளைக்குப் போனது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டது. எத்தனையோ வருஷத்துக்கு முன் கேட்ட கரடிக் குரலைத் தொண்டைக்குக் கொண்டுவந்தது.

“எவன்டா அவன் கடைசி பெஞ்சுல!”

காடு அதிர்ந்தது. லீடர் விறைத்து நின்று, அடி வாங்கக் கையை நீட்டிவிட்டது. எருமை முட்டிவலியை மறந்து தொப்பென்று முட்டி போட்டது.

“அட்டெண்டன்ஸ் எடுக்கிறேன்! சத்தம் வரக் கூடாது!” என்றது மைனா அதே குரலில். “ஆமை!”

சில்வண்டுகூட வாயை மூடிக்கொண்டது.

“ஆமை!”

எங்கோ தரைக்கடியிலிருந்து, ஈ பறக்கிற மாதிரி ஒரு சத்தம்.

“உள்...ளேன்... ஐயா...”

“இது யார் குரல்?” என்றது லீடர். ஆமையின் குரலை அது கேட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

“அவன்தான்!” மைனா அழுதுகொண்டே கீழே பாய்ந்தது. “அதான்டி அவனோட சொந்தக் குரல்!”

மூன்றும் குழிக்கு ஓடின. எருமை கொம்பை உள்ளே விட்டு ஒரே நெம்பு. ஆமை மேலே வந்து கால் ஊன்றி விழுந்தது. எருமை உடம்பை உதறியது. குளத்துச் சேறும் தண்ணீரும் ஆமைமேல் மழையாகக் கொட்டின.

“நான் சீக்கிரமா வந்திருந்தா இந்தச் சேறு கிடைக்குமா?” என்றது எருமை. அன்றைக்கு அதை யாரும் திட்டவில்லை.

ஆமை மெல்லத் தலையை நீட்டியது. மூன்று முகத்தையும் பார்த்தது.

“மணி அடிச்சாச்சா?”

லீடர் சிரித்தது. அழுதது. இரண்டையும் சேர்த்துச் செய்தது. “இல்லடா. உனக்காகத்தான் நிக்குது.”

மைனா கிட்டே வரவில்லை. ஆமைதான் அதைப் பார்த்துத் திரும்பியது.

“டேய் மைனா. நான் குழியில கிடந்து செத்துட்டிருக்கேன். அங்க என் குரல், நான் சௌக்கியமா இருக்கேன்னு தெனமும் சொல்லுது! அதுவும் என்னைவிட நல்லாச் சொல்லுது! எனக்கே சந்தேகம் வந்துருச்சுடா, நான் இங்க இருக்கேனா, அங்க இருக்கேனான்னு!”

எருமை உருண்டு உருண்டு சிரித்தது. லீடரும் சிரித்தது. மைனா மட்டும், “இனிமே சத்தியமா மாட்டேன்டா,” என்று ஆமையின் ஓட்டில் தலையைச் சாய்த்துக்கொண்டது.

கூட்டம் நடந்தது. முள்ளில் குத்தியிருந்த ஒரே அத்திப்பழத்தை நான்காகப் பிய்த்துச் சாப்பிட்டார்கள். ஆவாரம்பூ மாலை ஆமைக்குப் போனது. ஒரு சுற்றுக்கு நான்கு சுற்றாகச் சுற்றிப் போட்டார்கள். பிறகு கடவுள் வாழ்த்து. ஆமையே பாடியது. நூல் மாதிரிக் குரல். மூன்று பேரும் அதன் ஓட்டில் காதை வைத்துக் கேட்டார்கள். பேரக்கன்று தூர நின்று, “தாத்தா கல்லுகிட்ட ரகசியம் கேக்கறாரு!” என்று வீட்டுக்கு ஓடியது.

மறுநாளிலிருந்து பாறையில் அட்டெண்டன்ஸ் கிடையாது. காலையில் மூன்று பேரும் ஓடைத் திருப்பத்துக்கே போய்விடுகிறார்கள். லீடர் பெயரை வாசிக்கும். ஆமை வளையிலிருந்து வெளியே வந்து, தலையை நீட்டி, மூச்சு வாங்கி, தானே ‘உள்ளேன் ஐயா’ சொல்லி முடிப்பதற்குள் வெயில் வந்துவிடும். யாரும் அவசரப்படுத்துவதில்லை.

ஆகவே, கூடப் படித்தவர்களானாலும் சரி, கூடப் பழகியவர்களானாலும் சரி, நல்லாயிருக்கிறார்கள் என்று குரல் வந்ததே போதும் என்று இருந்துவிடாமல் ஒரு நடை நேரில் போய் முகத்தைப் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் குரலை யார் வேண்டுமானாலும் கொடுத்துவிடலாம், முகத்தை மட்டும், இருங்கள், வாசலில் யாரோ “ஏ தெய்வானை, உள்ள இருக்கியா?” என்கிறார்கள், இருக்கேன் இருக்கேன், இதோ கையைக் கழுவிக்கொண்டு