கீரிக்கு அழுத அரசவை

முன்னொரு காலத்தில் மணற்குன்று நாட்டை அருள்மாறன் என்றொரு மன்னன் ஆண்டுவந்தான். போர் என்றால் படைக்கு முன்னால் நிற்பான். ஆனால் தோட்டத்தில் ஒரு பூ வாடினால் அன்றைக்கு அரசவை நடக்காது. அவ்வளவு இளகிய மனம்.

அவன் ஆசையாக வளர்த்த கீரி ஒருநாள் செத்துப்போயிற்று. மன்னன் அழுதான். அழுதது தவறில்லை. ஆனால் அவையில் வல்லபராயர் என்று ஒருவர் இருந்தார். மன்னன் ஒரு சொட்டு விட்டால் அவர் ஒரு குடம் விடுவார்.

“ஐயோ, எங்கள் கீரித் தங்கமே! நீ போன பிறகு இந்தச் சூரியன் எதற்கு? சந்திரன்தான் எதற்கு?” என்று தூணில் முட்டிக்கொண்டார். மன்னன் மனம் நெகிழ்ந்து தன் முத்துமாலையைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டான். மறுநாள் அவையில் தூணுக்கு ஒருவராக முட்டிக்கொண்டு நின்றார்கள்.

அழாதவள் ஒருத்திதான். கீரியைப் பார்த்துக்கொண்ட பணிப்பெண் நாச்சியாள்.

“மன்னா, இவள் கண்ணைப் பாருங்கள், காய்ந்த கிணறு! நெஞ்சில் ஈரமில்லாதவளுக்கு இந்த நாட்டில் இடம் எதற்கு?” என்றார் வல்லபராயர்.

“நாளைப் பொழுது சாய்வதற்குள் இவள் எல்லையைத் தாண்ட வேண்டும்” என்றான் மன்னன். வாசலையே பார்த்துக்கொண்டிருந்த நாச்சியாள், போக அனுமதி கிடைத்ததும் ஓட்டமாகப் போய்விட்டாள்.

அமைச்சர் விடங்கர் எழுந்தார். “மன்னா, அழாதது குற்றம் என்றால், அளவுக்கு மீறி அழுவதும் குற்றம்தானே?”

வல்லபராயர் சிரித்தார். “அன்புக்கு ஏது அளவு? அப்படி ஒன்று இருந்தால் அதற்கு ஒரு சொல் இருக்குமே! இந்த அவையில் யாராவது கேட்டிருக்கிறீர்களா?”

இல்லை இல்லை என்று எல்லாரும் தலையாட்டினார்கள். வேலை போய்விடும் என்ற பயம்.

“நல்ல கேள்வி. விடங்கரே, அப்படி ஒரு சொல்லைக் காட்டும். காட்டினால் அவள் இருக்கட்டும். இல்லாவிட்டால் அவளோடு நீரும் கிளம்பும்” என்றான் மன்னன்.

“ஆகட்டும் மன்னா. அவையில் இல்லாத சரக்கு சந்தையில் கிடைக்கும். நாளைச் சந்தையில் வல்லபராயர் மாறுவேடத்தில் அழட்டும். நாமும் வேடமிட்டுக் கூட்டத்தில் நிற்போம். ஊரும் சேர்ந்து அழுதால் நான் தோற்றேன்.”

“ஊரென்ன, ஊர்க்கல்லும் அழும்!” என்றார் வல்லபராயர்.

மறுநாள் காலை, முரட்டு வேட்டி கட்டி, முத்துமாலையைத் துண்டால் மறைத்துக்கொண்டு வல்லபராயர் புளிக்கடை முன்னால் புரண்டார். “என் செல்வமே! என் உயிரே! போய்விட்டாயே!”

கூட்டம் கூடிவிட்டது. “அடப்பாவமே! யாரு அண்ணே? பெத்தவங்களா?” என்று ஒரு வண்டிக்காரன் தோளைத் தொட்டான்.

“என் கீரி!”

“கீரியா?” வண்டிக்காரன் கையை எடுத்துவிட்டான்.

“என்ன மாய்மாலம்டி இது!” என்றாள் மீன்காரி.

“நீலிக்கண்ணீர் அக்கா. ஒரு கண்ணால அழுவுறான், இன்னொரு கண்ணால கூட்டத்தை எண்ணுறான்” என்றாள் பூக்காரி.

“யாரையோ பசப்பப் பாக்குறான்” என்றார் ஒரு பெரியவர்.

“யோவ், பிலாக்கணத்தை நிறுத்து! யாவாரம் கெடுது!” என்று புளிக்கடைக்காரன் கத்தினான்.

வேடமிட்டுக் கூட்டத்தில் நின்ற மன்னன் வியந்துபோனான். “விடங்கரே, இத்தனை சொற்களா! எல்லாம் ஒன்றுதானே?”

“இல்லை மன்னா. நடித்தால் மாய்மாலம். ஏமாற்ற அழுதால் நீலிக்கண்ணீர். காரியம் ஆகக் குழைந்தால் பசப்பு. நிறுத்தத் தெரியாமல் அழுதால் பிலாக்கணம். நம் மக்கள் கண்ணீரைத் தரம் பிரித்து வைத்திருக்கிறார்கள்.”

அதற்குள் மன்னனுக்குத் தன் கீரியின் நினைவு வந்துவிட்டது. அவனும் “என் கீரி!” என்று விம்மத் தொடங்கினான். அவனைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. வெல்லக்காரக் கிழவர் அருகில் வந்தார்.

“தம்பி, உனக்கு நெசமாவே வலிக்குது. ஆனா வெல்லமே ஆனாலும் வண்டியோட கொட்டுனா திகட்டும்பா. போதும்.”

எண்ணெய்க்காரி முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்தாள். “அழுதா ஆறும், சரி. அந்தக் கீரிக்குக் குட்டி இருந்துச்சா? அதுக்கு இன்னிக்கு யாரு பால் வச்சா?”

மன்னனின் விம்மல் பாதியில் நின்றது. குட்டி! பத்து நாள் முன்பு அவன் கையாலேயே தொட்டுப் பார்த்த குட்டி. துக்கத்தில் அதை மறந்தே போயிருந்தான்.

வேடத்தோடு அரண்மனைக்கு ஓடினான். பின்னால் மற்ற இருவரும் ஓடினார்கள். தேடியபோது நெற்களஞ்சியத்தின் கடைசி மூலையில் நாச்சியாள் இருந்தாள். அவள் மடியில் கட்டைவிரல் அளவு உயிர் ஒன்று. பாலில் நனைத்த பஞ்சுத்திரியை அதன் வாயில் வைத்துக்கொண்டிருந்தாள்.

“நாச்சியாள்...” என்று மன்னன் தொடங்கினான்.

“உஸ்!” என்றாள் அவள், யாரென்று நிமிர்ந்தும் பாராமல். பிறகு பார்த்துவிட்டுத் தலை தாழ்த்தினாள். “மன்னிக்கணும் மன்னா. அழுகைச் சத்தம் கேட்டா குட்டி மிரண்டு பால் குடிக்காது. அரண்மனை முழுக்க அழுகை. இங்கதான் சத்தம் எட்டலை. நான் அழுதாலும் இது மிரளும்.”

“இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை?”

“நீங்க கேக்கலையே மன்னா.”

வல்லபராயர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். நிலைமையைப் பார்த்தார். “ஐயோ, தாயில்லாக் குட்டியே!” என்று கையை விரித்தார்.

“உஸ்!” என்றான் மன்னன்.

வல்லபராயரின் கழுத்திலிருந்த முத்துமாலையை மன்னனே கழற்றினான். “குட்டி வளரும்வரை தினமும் ஆட்டுப்பால் கறந்து கொண்டுவருவது உமது வேலை. வாய் திறக்காமல்.” “நீர் வென்றீர், இவள் இங்கேயே இருக்கட்டும்” என்று மாலையை விடங்கரிடம் நீட்டினான். அவர் அதை வாங்கி நாச்சியாளின் பக்கத்தில் வைத்தார்.

மன்னன் தரையில் உட்கார்ந்தான். மெல்லிய குரலில் கேட்டான்: “அவர் செய்ததற்குப் பெயர் தெரிந்துகொண்டேன். நான் செய்தது திகட்டல் என்றும் தெரிந்துகொண்டேன். நீ செய்வதற்கு என்ன பெயர் அம்மா?”

நாச்சியாள் யோசித்தாள். அதற்குள் குட்டி திரியை விட்டுவிட்டுக் கீச்சிட்டது.

“பேரெல்லாம் தெரியாது மன்னா. அந்தப் பால் கிண்ணத்தைக் கொஞ்சம் இப்படி நகர்த்துங்க.”

மன்னன் நகர்த்தினான்.