திங்கட்கிழமை நாற்பத்து மூன்று

திங்கள், ஜூலை 7, காலை 11.20. காய்ச்சல் நோயாளிகள் நாற்பத்து மூன்று பேர். எண்ணியவர் டாக்டர் அழகர்சாமி.

புன்னைத்துறை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அவர் வந்து ஆறு நாள். ராணுவ மருத்துவமனையில் இருபது வருடம் இருந்துவிட்டு, ஐம்பத்தோரு வயதில் தொற்றுநோய்க் கண்காணிப்பைக் கற்க வந்திருந்தார். கற்றுக்கொடுத்தவர் டாக்டர் மஹ்மூதா. வயது முப்பத்தாறு.

"மேடம், இது நோய்ப் பரவல்தான். சனிக்கிழமை பத்தொன்பது. இன்னிக்கு ரெண்டு மடங்குக்கு மேல. மீன் ஏலக்கூடத்தை உடனே மூடணும். கலெக்டர் ஆபீசுக்குப் போடட்டுமா?"

போன் ஏற்கெனவே கையில் இருந்தது.

"போடலாம் சார். முதல்ல போன மாசப் பதிவேட்டை எடுங்க. திங்கட்கிழமை மட்டும் படிங்க."

"நாற்பத்தொண்ணு. நாற்பத்தாறு. முப்பத்தொன்பது." குரல் இறங்கியது. "நாற்பத்து நாலு. நாற்பத்திரண்டு."

"ஞாயிறு மாதா கோயில் பூசை, யாரும் கடலுக்குப் போறதில்ல. நம்ம ஓ.பி.யும் லீவு. ரெண்டு நாள் கூட்டம் ஒரே வரிசையில நிக்குது. நீங்க திங்கட்கிழமையை எண்ணியிருக்கீங்க."

அழகர்சாமி போனைக் கீழே வைத்தார். "அப்ப ஒண்ணுமில்ல?"

மஹ்மூதா இன்றைய பக்கத்தில் விரலை ஓட்டிக்கொண்டிருந்தார். இருபத்தேழாவது வரியில் விரல் நின்றது.

"ரூபி, ஏழு வயசு. காய்ச்சல், தொண்டை வலி, கழுத்து வீக்கம். தொண்டைக்குள்ள என்ன பார்த்தீங்க?"

"சாம்பல் நிறத்துல ஒரு படலம். டான்சில்னு மாத்திரை குடுத்து அனுப்பிட்டேன்."

மஹ்மூதா எழுந்துவிட்டார்.

"வண்டியை ரூபி வீட்டுக்கு எடுக்கச் சொல்லுங்க. பிள்ளைக்கு மூச்சு அடைக்கிறதுக்குள்ள பெரியாஸ்பத்திரி போயாகணும். தெருவுல மத்த பிள்ளைங்க தொண்டையையும் பாக்கணும். இப்ப போன் போடுங்க."

"என்னன்னு சொல்ல?"

"டிப்தீரியா, தொண்டை அடைப்பான் சந்தேகம். நோய்ப் பரவல்."

அழகர்சாமி பேசிக்கொண்டே ஓடினார். ஜீப் கிளம்பத் தயாராக நின்றது. ஒரு காலை உள்ளே வைத்தபடி கேட்டார்.

"மேடம், நாற்பத்து மூணு பேர் பரவல் இல்லேன்னீங்க. இது ஒரே ஒரு பிள்ளை."

"இந்த ஊர்ல டிப்தீரியா வருஷத்துக்கு எத்தனை வரும்?"

"வந்த அன்னிக்கே பத்து வருஷ நோய்ப் பட்டியலைப் புரட்டினேன். ஒண்ணுகூட இல்ல."

"அப்ப ஒண்ணு அதிகம் சார். கதவைச் சாத்துங்க."

ஜூலை 11, வெள்ளி: அதே தெருவில் மேலும் இரண்டு பிள்ளைகளுக்கு டிப்தீரியா உறுதியானது. ஆகஸ்ட் 2 அன்று மூவரும் வீடு திரும்பினார்கள்.