வெயிலில் ஓடிய டவர்

போன நவராத்திரிக்கு வந்த என் சம்பந்தியம்மாள்தான் இதை முதலில் சொன்னாள்.

மலைமேல் ஒரே ஒரு செல்போன் டவர். ஜெனரேட்டரை இறக்கிவிட்டு சோலார் தகடுகளில் ஓட்டினார்கள். அதற்குக் காவல் பொன்னுரங்கம். டீசல்தான் உசத்தி என்று நினைக்கிற மேனேஜர் ஒருநாள் ஜீப்பில் வந்திறங்கினார்.

"இதெல்லாம் வேஸ்ட்டுய்யா. இன்னைக்கே கழட்டு. இல்லேன்னா உனக்கு வேலை கிடையாது."

பொன்னுரங்கம் ஸ்பானரைக் கையில் எடுத்துக்கொண்டான். "கழட்டிடறேங்கய்யா. பெரிய ஆபீஸ்ல மட்டும் நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

மேனேஜர் அங்கேயே செல்போனில் பேசினார். "சார், சோலார்ல இந்த டவர் ஓடவே மாட்டேங்குது."

"அப்புறம் எப்படிய்யா மலையிலேருந்து பேசறே?" என்று பெரிய ஆபீஸ் அதிகாரி சிரித்தார்.

மேனேஜர் கையிலிருந்த செல்போனையும் டவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மோர் குடிக்கறீங்களாய்யா?" என்றான் பொன்னுரங்கம்.

குடித்துவிட்டு அவரும் சிரித்துவிட்டார். பொன்னுரங்கத்தின் வேலை தப்பியது. சாயந்திரம் விளக்கேற்றும்போது அந்தப் பிள்ளைக்கும் சேர்த்து ஒரு கும்பிடு போடுங்கள்.