தாசில்தார் வாங்கிய தோசைக்கல்

சங்கரன்கோவில் பாத்திரக் கடை ஒன்றில் விற்பனையைக் கவனிக்கிறவள் ஜெயக்கொடி. ரிட்டயர்டு தாசில்தார் பொன்னுரங்கம் அந்தக் கடைக்கு வந்தால் அவளுக்கு அரைநாள் போச்சு. பாத்திரத்தைத் தட்டுவார், தூக்குவார், தரையில் வைத்து ஆட்டுவார். கடைசியில் அங்கேயே நின்றுகொண்டு அதையே போனில் ஆர்டர் போடுவார். "உங்க கடையைவிட சல்லிசு!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போவார்.

மூன்றாம் தடவை அவர் படியேறியதும் முதலாளி பல்லைக் கடித்தார். "ஏம்மா, இன்னைக்கும் இவரு வெறுங்கையோட போனா நாளைக்கு நீ வராத. மரியாதையில்லாம ஒரு வார்த்தை பேசினாலும் வராத."

"தோசைக்கல் காட்டும்மா," என்றார் தாசில்தார்.

ஜெயக்கொடி தன் போனை நீட்டினாள். அதில் ஒரு தோசைக்கல்லின் படம்.

"என்ன இது?"

"தோசைக்கல்தான் சார். பெரிசாக்கியும் பார்க்கலாம்."

"கனம் எப்படித் தெரியும்?"

"கீழே எழுதியிருக்கு சார்."

"அடுப்புல வச்சா ஆடுமா, ஆடாதா?"

"நாலு நட்சத்திரம் குடுத்திருக்காங்க சார்."

தாசில்தார் கத்தினார்: "படத்தைப் பார்த்து எவனாவது தோசைக்கல் வாங்குவானா?"

கடையே சிரித்தது. அவர் மெதுவாகத் தன் போனைச் சட்டைப் பையில் போட்டார்.

ஜெயக்கொடி சிரிக்கவில்லை. நிஜக் கல்லைக் கொண்டுவந்து வைத்தாள். "கரண்டி, டப்பா எல்லாம் போன்லயே வாங்குங்க சார், அதுல சல்லிசுதான். இது வீட்ல அம்மா தினமும் தூக்கி இறக்குறது."

முதலாளி அவளை முறைத்தார். தாசில்தார் கல்லை ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்தார். உடனே மறு கையையும் கொடுத்துத் தாங்கினார்.

"இதைவிடக் கனம் குறைஞ்சது இருக்காம்மா? என் வீட்டுக்காரிக்கு மணிக்கட்டு வலி."

இருந்தது. அதை வாங்கி அவரே சுமந்துகொண்டு போனார்.

முதலாளி தொண்டையைச் செருமினார். "நாளைக்குச் சீக்கிரமா வந்துரும்மா."