கொண்டையனிடம் வாங்கிய இருபது கொட்டைகள்

ஒரு காட்டில், குழந்தைகளே, மின்னி என்றோர் இளம் அணில் இருந்தது. தாயின் கூட்டை விட்டு வந்து, நாவல் மரத்துப் பொந்து ஒன்றில் அது தனியாகக் குடியேறியது.

புது வீட்டுக்கு விருந்து வைக்க மின்னிக்கு ஆசை. ஆனால் கையில் ஒன்றுமில்லை. கொட்டைகளைக் குவித்து வைத்திருந்த கொண்டையன் என்ற கருங்குரங்கிடம் போய்க் கேட்டது.

"இருபது முந்திரிக்கொட்டை தருகிறேன், தங்கச்சி. பௌர்ணமிதோறும் நான்கு கொடு, போதும். ஒருமுறை தவறினாலும் உன் பொந்து எனக்கு" என்றது கொண்டையன்.

விருந்து ஒரே மாலையில் முடிந்தது. மின்னி தவறாமல் நான்கு நான்காகக் கொடுத்து வந்தது. ஐந்தாம் பௌர்ணமியன்று கேட்டது:

"அண்ணே, இதோடு இருபது கொடுத்துவிட்டேன். கடன் முடிந்ததா?"

கொண்டையன் சிரித்தது. "கொடுத்ததெல்லாம் வட்டி. அசல் இருபதும் அப்படியே இருக்கிறது. அதற்கென்ன அவசரம்?"

மின்னி கணக்குப் போட்டுப் பார்த்தது. மழைக்காலம் வந்தால் இரை தேட முடியாது. ஒரு பௌர்ணமி தவறினால் பொந்து போய்விடும். அன்றே அது ஒரு முடிவுக்கு வந்தது.

நாள் முழுக்க அலைந்தால் மூன்று கொட்டைகள் கிடைக்கும். இதுவரை தின்றது போக மிஞ்சியதைத்தான் மின்னி சேர்த்தது. இப்போது, கிடைத்த முதல் கொட்டையை எடுத்து வைத்த பிறகே மற்றதைத் தொட்டது. பசித்தால் தளிரைக் கொறித்தது.

பாதி மாதத்தில் கொண்டையன் வந்து எட்டிப் பார்த்தது.

"இளைத்துப் போனாயே, தங்கச்சி! இன்னும் பத்து வாங்கிக்கொள். நான்குக்குப் பதில் ஆறு கொடுத்தால் போச்சு!"

பொந்துக்குள் அடுக்கியிருந்த கொட்டைகளை மின்னி ஒருமுறை பார்த்துக்கொண்டது. வாயில் எச்சில் ஊறியது.

"வேண்டாம், அண்ணே."

பௌர்ணமி வந்தது. கிளிகளும் முயல்களும் பார்த்திருக்க, மின்னி இருபத்து நான்கு கொட்டைகளைக் கொண்டுவந்து வைத்தது.

கொண்டையனின் முகம் சுருங்கியது. "நான்கு போதும் என்றேனே! மழைக்கு வேண்டாமா? இருபதை நீயே வைத்துக்கொள்."

"வட்டி நான்கு, அசல் இருபது. எல்லார் முன்னாலும் எண்ணிப் பாருங்கள். கடன் தீர்ந்தது என்று சொல்லுங்கள். அதற்குமுன் நான் நகரமாட்டேன்."

கொண்டையன் எண்ணியது. ஒன்றுகூடக் குறையவில்லை.

"தீர்ந்தது" என்று முனகியது.

மறுநாளிலிருந்து மின்னி எடுத்து வைத்ததெல்லாம் அதற்கே சேர்ந்தது. மழை வந்து காடே வெள்ளக்காடானபோது, பொந்தில் பல நாளுக்கு இரை இருந்தது. அடுத்த பௌர்ணமியன்று வட்டி வசூலிக்கப் புறப்பட்ட கொண்டையன், நாவல் மரத்தடியில் நிற்காமல் நனைந்துகொண்டே கடந்து போனது.

நீதி: வட்டி மட்டும் கட்டினால் கடன் தீராது, செலவுக்கு முன்பே எடுத்து வைத்து, அசலையும் அடை.