ஆவுடை மறைத்த மூன்று

கடல் இப்போது இருப்பதைவிட ஒரு காத தூரம் தள்ளிக் கிடந்த காலம் அது. அந்தக் காலத்தில் ஒரு ராஜா இருந்தார். ராஜா இல்லாமல் கதையைத் தொடங்கினால் சின்னப் பிள்ளைகள் கோபித்துக்கொள்வார்கள், அதனால் அவரையும் சொல்லியாயிற்று. அவருக்கும் இந்தக் கதைக்கும் ஒரே ஒரு ஒட்டுதான். அவர் சோற்றில் போட்டுக்கொண்ட உப்பு, ஆவுடை என்ற ஒருத்தி உப்பளத்துப் பாத்தியில் இறங்கி வாரிய உப்பு.

ஆவுடைக்கு ஒரே மகள். நாச்சி என்று பெயர். ஆறு முடிந்து ஏழு நடக்கிற வயது. புருஷன் மாசானம், அசலூர்த் தோணியில் உப்பேற்றிக்கொண்டு போகிறவன். போனால் மூன்று மாதம், நான்கு மாதம். மேற்கேயிருந்து வீசுகிற கச்சான் காற்று அடங்கினால்தான் தோணி திரும்பும்.

உப்பளத்து வேலை என்ன வேலை தெரியுமா? செருப்பில்லாமல் உப்புத் தண்ணீரில் நிற்க வேண்டும். பலகையால் உப்பை இழுத்து வரப்பில் சேர்க்க வேண்டும். பெட்டியில் அள்ளித் தலையில் சுமந்து அம்பாரமாகக் குவிக்க வேண்டும். பாதம் வெடிக்கும். வெடிப்புக்குள் உப்பு இறங்கும். அதை உங்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

ஆவுடை பக்கத்துப் பாத்தியில் வடிவு என்று ஒருத்தி வேலை பார்த்தாள். அவள் வேறு மாதிரி. காலில் ஒரு கீறல் பட்டால் அந்தக் கரையில் நிற்கிறவனுக்கும் கேட்கும்.

“ஐயோ, எம் பாதம் போச்சே! இந்தக் காலை வெட்டிக் கழுகுக்குப் போட்டாலும் தின்னாதே!” என்பாள். அவள் பிள்ளைகள் நாலும் அவள் மாதிரியேதான். கொசு கடித்தால் நாலும் சேர்ந்து ஒப்பாரி வைக்கும்.

ஊர் என்ன சொல்லும்? “வடிவு வாயை அடைக்க ஒரு மூடை உப்பு வேணும். ஆவுடையைப் பாருங்க. வாயைத் திறந்து ஒரு நோவு சொல்லியிருப்பாளா? பொம்பளைன்னா அவ பொம்பளை” என்று சொல்லும். ஆவுடைக்கு அந்தப் பேச்சு இனிக்கும். இல்லாதவளுக்கு வேறென்ன இனிப்பு கிடைக்கும், சொல்லுங்கள்.

ஆனால் ஆவுடை மூன்றை மறைத்து வைத்திருந்தாள்.

முதலாவது, பசி. கூலியாகக் கிடைத்த கம்பு ஒரு ஆள் வயிற்றுக்குத்தான் வரும். கூழைக் காய்ச்சி மகளுக்கு ஊற்றிவிட்டுச் சட்டியைக் கழுவி வைப்பாள். “நீ குடிக்கலையாம்மா?” என்று நாச்சி கேட்டால், “நான் அப்பவே குடிச்சாச்சுட்டி” என்று சிரிப்பாள்.

இரண்டாவது, பாதம். ரத்தம் கசிந்தால் துணியைச் சுற்றிச் சேலையைக் காலுக்குக் கீழே இழுத்துவிடுவாள். “ஏம்மா நொண்டுத?” என்று கேட்டால், “ஒண்ணுமில்லைட்டி, உப்பு ஒட்டியிருக்கு” என்று சிரிப்பாள்.

மூன்றாவது பெரியது. ஒரு நாள் நல்ல உச்சி வெயிலில், ஊருக்குள் போகாமல் நேரே உப்பளத்துக்கு ஒருவன் வந்தான். உதடெல்லாம் வெடித்து, கண் குழிந்து நின்றான். தோணியில் போனவர்களில் தப்பிக் கரை சேர்ந்தவன் அவன் ஒருத்தன்தான். அம்பாரத்து நிழலில் நின்று நாலே வார்த்தை சொன்னான். ஆவுடை உப்பின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்தாள். “அண்ணே, இதை யார்கிட்டயும் சொல்லிராதீக. எம் பிள்ளை தாங்காது. அவ வளரட்டும். நானே சொல்லிக்கிடுதேன்” என்று கும்பிட்டாள். அவன் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான்.

அன்றைக்குச் சாயங்காலமும் ஆவுடை நெற்றியில் பொட்டு வைத்துக்கொண்டாள். தாலிக் கயிற்றுக்கு மஞ்சள் பூசினாள். “அப்பா எப்பம்மா வருவாக?” என்று நாச்சி கேட்டாள். “கச்சான் அடங்கட்டும். வந்துருவாக” என்று ஆவுடை சிரித்தாள்.

அந்தக் கச்சான் அடங்கியது. அடுத்த கச்சானும் வந்தது. நாச்சி அப்புறம் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. பிள்ளை மறந்துவிட்டது என்று ஆவுடை நினைத்துக்கொண்டாள்.

பிள்ளைகள் நாம் சொல்வதைக் கேட்டு வளர்கின்றன என்று நினைக்கிறோம். ஒரு நாள் நாச்சி தன் கூழில் பாதியை மிச்சம் வைத்தாள். “வடிவு அத்தை வீட்டுல குடிச்சிட்டேன்மா. வயிறு நிறைஞ்சிருக்கு. நீ குடி” என்றாள். ஆவுடையும் நம்பிக் குடித்தாள். இன்னொரு நாள் சிப்பி கிழித்து நாச்சியின் உள்ளங்காலில் காயம் வாய் பிளந்திருந்தது. “ஒண்ணுமில்லைம்மா” என்று சிரித்தாள் பிள்ளை. “எம் மகள் என்னை மாதிரி” என்று ஆவுடைக்குப் பெருமை பிடிபடவில்லை. நாலு பேரிடம் சொல்லிக்கொண்டாள். நாலு பேரும் மெச்சினார்கள்.

மூன்றாவது தடவை வந்ததுதான் வினை.

ஓடைத் தண்ணீரில் குளித்து வந்த மறுநாளிலிருந்து நாச்சி தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தே வைத்திருந்தாள். ஒரு நாள் இடது பக்கம். ஒரு நாள் வலது பக்கம். வடிவு அதைப் பார்த்து, “என்னட்டி, கொக்கு மீன் பாக்கிற மாதிரி நிக்க?” என்று கேலி செய்தாள்.

ஆவுடை மகளைக் கூப்பிட்டு, “ஏன்ட்டி தலையைச் சாய்க்க?” என்று கேட்டாள்.

நாச்சி ஒரு நிமிஷம் அம்மா முகத்தையே பார்த்தாள். பிறகு, “காத்துச் சத்தம் கேக்கேன்மா. அப்பா தோணி வருதான்னு” என்று சொல்லிச் சிரித்தாள்.

அதற்கு மேல் ஆவுடை எதைக் கேட்பாள்? அவளே சொன்ன பொய் அங்கே குறுக்கே நின்றது. பலகையை எடுத்துக்கொண்டு பாத்தியில் இறங்கிவிட்டாள்.

நாலாம் நாள் பிள்ளை படுத்துவிட்டது. உடம்பு அனலாகக் கொதித்தது. கண் மேலே சொருகியது.

மருந்துக்கு உப்பு வாங்க உள்நாட்டிலிருந்து ஒரு வைத்தியர் கழுதையோடு வந்திருந்தார். வடிவுதான் ஓடிப்போய் அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். “கழுதையை நான் பாத்துக்கிடுதேன், நீரு பிள்ளையைப் பாரும்!” என்று வாசலிலேயே கத்தினாள்.

வைத்தியர் நாடி பிடித்தார். வயிற்றை அமுக்கினார். “இங்க வலிக்கா தாயி?” நாச்சி தலையசைத்தாள், இல்லை. நெஞ்சைத் தொட்டார். “இங்க?” இல்லை. தலையைத் தொட்டார். “இங்க?” பிள்ளை பல்லைக் கடித்தது. ஆனால் சிரித்தது. “ஒண்ணுமில்லை தாத்தா.”

வைத்தியர் கையை எடுத்துக்கொண்டார். “எங்கேயோ உள்ளே சீழ் பிடிச்சிருக்கு. இடம் தெரிஞ்சா வெளியே எடுத்துருவேன். தெரியாம எங்க கையை வைப்பேன்? பொழுது சாயுறதுக்குள்ள மூளைக்கு ஏறிரும். நோகுற பிள்ளை கத்தணும். இது சிரிக்குது. யாருகிட்ட இதைப் படிச்சுது?”

வடிவுக்கு வாய் சும்மா இருக்குமா? “யாருகிட்டயா? இந்தா நிக்காளே, இவகிட்டதான்! இவளும் இப்படித்தான், கல்லை முழுங்கினாலும் கற்கண்டுன்னு சொல்லுவா.”

வைத்தியர் ஆவுடையைத் திரும்பிப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. “அப்படின்னா நான் கேட்டா சொல்லாது. நீ முதல்ல உன் நோவைச் சொல்லு தாயி. அதுக்கப்புறம் அது சொல்லும்” என்றார்.

ஆவுடை மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கு அழத் தெரியவில்லை, சொல்லவும் தெரியவில்லை.

“நாச்சி... அம்மாவுக்குப் பசிக்குது. நான் அப்பவே குடிச்சாச்சுன்னு சொன்னதெல்லாம் பொய்ட்டி. சட்டியில ஒண்ணும் இருக்காது. ஒவ்வொரு நாளும் பசியோடதான் படுத்தேன்.”

பிள்ளை கண்ணைத் திறந்தது.

ஆவுடை காலில் சுற்றிய துணியை அவிழ்த்தாள். வடிவு அதைப் பார்த்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள். “பாருட்டி. அம்மா பாதம். ராத்திரியும் பகலும் வலிக்குது.”

பிள்ளையின் உதடு துடித்தது. ஆனாலும் பேசவில்லை.

மூன்றாவதுதான் மிச்சம். ஆவுடை நிமிர்ந்து வடிவைப் பார்த்தாள். வடிவு காதில் விழுந்தால் ஊர் காதில் விழுந்த மாதிரி. சொன்னால் அன்றைக்கே வளையல் போகும், பொட்டு போகும், தாலி போகும். கதை கேட்கிறவர்களே, அந்த நேரத்தில் அவள் மனசு என்ன பாடு பட்டிருக்கும்! வடிவை வெளியே போகச் சொல்லலாமா என்றுகூட நினைத்தாள். அதற்குள் பிள்ளையின் கண் மறுபடியும் மேலே சொருகப் பார்த்தது.

“அப்பா வரமாட்டாகம்மா” என்றாள் ஆவுடை. “கடலோட போயிட்டாக. போன வருஷமே போயிட்டாக. நான் உன்கிட்ட சொல்லலை.”

வடிவு வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். நாச்சி கையை நீட்டி அம்மாவின் விரலைப் பிடித்தாள்.

“தெரியும்மா” என்றாள். “அந்த மாமா வந்தப்ப நான் அம்பாரத்துக்கு அந்தப் பக்கம்தான் விளையாடிட்டிருந்தேன். அன்னைக்குச் சாயங்காலம் கேட்டப்பவும் நீ சொல்லலை. அதனால நானும் சொல்லலை.”

பிறகு அந்தப் பிள்ளை அழுதது. ஒரு வருஷத்து அழுகையை அழுதது. அழுதுகொண்டே, “காது வலிக்குதும்மா. ரெண்டு காதும் வலிக்குது. தாங்க முடியலைம்மா” என்றது.

வைத்தியர் கீறிச் சீழை எடுத்தார், கழுவினார், மருந்து வைத்தார். மூன்று நாள் அங்கேயே இருந்தார். மூன்றாம் நாள் காலையில் உடம்பு குளிர்ந்தது. உயிர் தங்கிவிட்டது.

ஆவுடை கூழைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலிருந்து, “நாச்சி” என்று கூப்பிட்டாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த பிள்ளை திரும்பவில்லை. “ஏட்டி நாச்சி” என்று கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டாள். திரும்பவில்லை. மூன்றாவது தடவை தொண்டை கிழியக் கூப்பிட்டாள். தெருவில் போன வடிவுதான் திரும்பினாள்.

வைத்தியர் தலை குனிந்தார். “இன்னும் நாலு நாள் முன்னாலயே காட்டியிருந்தா காதையும் காப்பாத்தியிருப்பேன்” என்றார்.

அந்த வாரமே ஊர்ப் பெண்கள் கூடி ஆவுடையின் வளையலைக் கழற்றினார்கள். கடைசி வளையலைக் கழற்றியது வடிவுதான். அன்றைக்கு மட்டும் அவள் சத்தமே போடவில்லை.

அதற்குப் பிறகு ஆவுடை எதையும் மறைக்கவில்லை. பசித்தால் பசிக்கிறது என்றாள். வலித்தால் வலிக்கிறது என்றாள். மாசானத்தை நினைத்தால், நினைத்தேன் என்றாள். ஆனால் கேட்க மகளுக்குக் காது இல்லையே. நாச்சி அம்மாவின் முகத்தைப் பார்த்துத்தான் எதையும் அறிய வேண்டும். அந்த முகமோ இத்தனை வருஷமாகச் சிரித்தே பழகிய முகம். வலிக்குது என்று வாய் சொல்லும், முகம் சிரிக்கும். பிள்ளை ஒன்றும் விளங்காமல் பார்க்கும். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அம்மா நன்றாகத்தான் இருக்கிறாள் என்று விளையாடப் போய்விடும்.

ஆவுடை தண்ணீர்க் குடத்துக்குள் எட்டிப் பார்த்துத் தன் முகத்தைப் பழக்கினாள். நோவை முகத்தில் வரவழைப்பது உப்புச் சுமப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. மாதங்கள் போயின. நாச்சியும் அம்மாவோடு உப்புப் பெட்டி சுமக்கத் தொடங்கினாள்.

ஒரு நாள் பாத்தியில் பலகை சறுக்கி அவள் பாதத்தின் பழைய வெடிப்பில் ஏறியது. வரப்பில் உட்கார்ந்தாள். அன்றைக்கு அவள் எதையும் பழகிப் பார்க்கவில்லை. முகம் தானாகவே உடைந்தது. புருஷனுக்கும் பாதத்துக்கும் பிள்ளையின் காதுக்கும் சேர்த்து, ஊர் பார்க்கத் தேம்பித் தேம்பி அழுதாள்.

தூரத்தில் நின்ற நாச்சி பார்த்தாள். ஓடி வந்தாள். சேற்றில் உட்கார்ந்து அம்மாவின் பாதத்தை எடுத்துத் தன் மடியில் வைத்து ஊதினாள். ஊதிக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்திவிட்டு, தன் உள்ளங்கையை விரித்து அம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள். பெட்டி சுமந்து சுமந்து கொப்புளம் கட்டி உடைந்திருந்தது.

“வலிக்குதும்மா!” என்றாள்.

தன் குரல் தனக்கே கேட்காத பிள்ளை அது. எவ்வளவு உரக்கச் சொல்கிறோம் என்று அதற்குத் தெரியாது. உப்பளம் முழுக்கக் கேட்டது. வேலை செய்துகொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் பலகையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். ஆவுடை அந்தச் சின்னக் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு, அழுத முகத்தை மறைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

பெற்றவர்களே, பிள்ளைகளே, இந்தக் கதை சொல்லும் நீதி இதுதான்: பெற்றவர் தம் வலியை மறைத்துச் சிரித்தால், பிள்ளையும் தன் வலியை மறைத்துச் சிரிக்கத்தான் கற்றுக்கொள்ளும்.